கல்வெட்டும் கல்வர்ட்டும்

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பற்றி எழுதப்படும் பண்பாட்டுக் கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே படத்துடன் தொடங்குகின்றன. வறண்ட கண்மாயின் நடுவே இரண்டு கல்தூண்கள். அவற்றைக் குறுக்கே இணைக்கும் கல்பலகை. தூணின் ஒரு முகத்தில் தேய்ந்துபோன எழுத்துகள். குமிழித்தூம்பு. படத்தின் கீழே, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் நீரியல் அறிந்திருந்தான் என்றொரு வாசகம் இருக்கும். அதன்பின் கட்டுரையாளர் பெருமூச்சு விடுவார், இன்றைய தலைமுறையைக் கடிந்துகொள்வார், கட்டுரை முடிந்துவிடும். அந்தப் படத்தை எடுக்க நின்ற இடத்திலிருந்து அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால், கண்மாய்க்கரையை ஒட்டிப் போகும் தார்ச்சாலையும், கலிங்கிலிருந்து வழியும் நீரை அச்சாலைக்கு அடியில் கடத்திவிடும் கான்கிரீட் சிறுபாலமும் தெரிந்திருக்கும். அவர் வந்த காரும் அதன்மீது ஏறித்தான் வந்தது. அந்தப் பாலத்தின் நீருக்கடியிலுள்ள பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதைக் கட்டியவர்களுக்கும் பராமரிப்பவர்களுக்கும் தெரியாது. இந்தத் தெரியாமை ஒருவரையும் உறுத்தவில்லை என்பதுதான் என் புகார். அதை இலக்கிய வாசகர்களிடம் கொண்டுவந்து கொட்டுவதற்கும் காரணம் இருக்கிறது.

முதலில் குமிழித்தூம்பையே எடுத்துக்கொள்வோம். நாம் படம் பிடிக்கும் தூண்கள் அதன் சிறப்பான பகுதி அன்று. அவை தூக்குக் கம்பைத் தாங்கும் சட்டம் மட்டுமே. நுட்பமெல்லாம் கீழே இருக்கிறது. கண்மாயின் தரைமட்டத்தில் கல்லாலான தொட்டி ஒன்று உண்டு. அதன் மூடுகல்லில் ஒரு பெரிய துளை, நீரோடி. தொட்டியின் பக்கத்தில் தரையை ஒட்டிச் சிறு துளைகள், சேறோடி. தொட்டியிலிருந்து புறப்படும் சுருங்கை கரைக்கு அடியில் சென்று வயல்பக்கம் திறக்கும். அடைப்பைத் தூக்கினால் மேல்துளை வழியே தெளிந்த நீரும், கீழ்த்துளைகள் வழியே வண்டல் கலந்த நீரும் சேர்ந்து வெளியேறும். கண்மாயில் மண் படியும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டு, அது தானாகவே போக வழிவைத்த அமைப்பு இது. நீர்மட்டத்துக்குக் கீழே என்ன நடக்கும் என்று ஒருவன் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறான். பெருமைப்பட்டே ஆகவேண்டுமென்றால் அந்த நினைப்புக்காகப் பெருமைப்படலாம். நாமோ மண்ணுக்கு மேல் நிற்கும் இரண்டு தூண்களோடு நின்றுவிட்டோம்.

'சுருங்கை' என்ற சொல்லைப் பழைய நூல் படித்தவர்கள் அறிவார்கள். பரிபாடலிலும் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் அது வருகிறது. சாலைக்கு அடியில் நீர் போகும் வழிக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் எனக்குத் தெரிந்து இல்லை. எந்த ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலும் அதைக் கண்டதில்லை. அது போகட்டும்.

அண்மைக் காலத்தில் இந்தப் பெருமிதத்தோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கதையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் மழைக்காலம் தோறும் தவறாமல் வருகிறது அது. வெள்ளத்தில் ஏரி உடையும் நிலை வரும்போது, மனைவி மக்களிடம் விடைபெற்றுக்கொண்டு நீருக்குள் பாய்ந்து மடையைத் திறந்த வீரனுக்கு 'மடையன்' என்று பெயராம். அந்தத் தியாகியின் பெயரைத்தான் நன்றி கெட்ட நாம் வசைச்சொல்லாக்கிவிட்டோமாம். கல்லூரி விழா மேடைகளில் முதுகலைப் பட்டம் பெற்றவர்களே இதைக் கண்கலங்கச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மடம், மடமை என்ற சொற்கள் அறியாமையைக் குறிப்பவை. அவற்றின் வழியில் மடையன் பிறந்ததை விளக்க ஏரியும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம். மடை என்பதற்குச் சோறு, படையல் என்றும் பொருள் உண்டு. கோயில் மடைப்பள்ளியில் இருப்பது அந்த மடைதான். அந்த வழியில் மடையன் என்பது சமையற்காரனையும் குறித்தது. மடை திறப்பவனை மடையன் என்று சொல்ல இலக்கணம் இடங்கொடுக்கலாம். வசைச்சொல் அவனிடமிருந்து வந்தது என்பதற்கு ஆட்சி காட்டுங்கள் என்று கேட்டால் மேடையில் இருப்பவர்கள் நம்மைத்தான் முறைக்கிறார்கள்.

சொற்பிறப்புத் தவறாக இருப்பதைவிட, அந்தக் கதை எதை மூடி மறைக்கிறது என்பதே எனக்கு முக்கியம். மடை திறக்க உண்மையாகவே ஆட்கள் இருந்தார்கள். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அவர்களில் பெரும்பாலோர் ஊரின் விளிம்பில் வாழவைக்கப்பட்ட தலித் மக்கள். கூலி, அறுவடைக் களத்தில் அளக்கப்படும் நெல். அவர்கள் செய்தது வெள்ள நாளில் ஒருமுறை நிகழ்த்தும் சாகசம் அன்று, போகம் தோறும் செய்த தொழில். தூம்பைச் செய்வித்துக் கொடுத்தவன் பெயரைக் கல் சொல்கிறது, சில இடங்களில் செய்த தச்சன் பெயரையும் சொல்கிறது. அதைத் திறக்க இறங்கியவன் பெயர் நான் வாசித்த தூம்புக் கல்வெட்டுகளில் இல்லை. அவனுக்கு ஒரு பொய்யான சொல்வரலாற்றைச் சூட்டிவிட்டுக் கடன் தீர்ந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவனிடம் உண்மையில் இருந்தது என்ன? கலங்கிய நீரில் கண் பயன்படாது. காலால் துழாவி, கையால் தடவி, மூடுகல் நகர்ந்திருக்கிறதா, சேறோடி அடைத்திருக்கிறதா, சுருங்கையின் வாயில் மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவன் அறிந்து வைத்திருந்தான். ஊரில் ஒருவனுக்காவது நீருக்கடியின் நிலை தெரிந்திருந்தது. பிறகு திருகு வைத்த இரும்பு ஷட்டர்கள் வந்தன, ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, கண்மாய்கள் அரசுத் துறைகளின் கைக்குப் போயின. அந்தத் தொழிலில் இருந்த இழிவும் அடிமைத்தனமும் ஒழிய வேண்டியவைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தத் தொழிலோடு சேர்ந்து, நீருக்குள் இறங்கிப் பார்ப்பது ஒரு பொறுப்பு என்ற எண்ணமும் ஒழிந்துபோனது. அந்த இடத்தில் வேறு யாரையும் நாம் அமர்த்தவில்லை.

இப்போது சிறுபாலத்துக்கு வருகிறேன். கல்வர்ட் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் பகுதிச் சாலைப் பணியாளர் வாயில் 'கல்வெட்டு' என்றே ஆகிவிட்டது. "ரெண்டாவது கல்வெட்டுகிட்ட எறங்கிக்கங்க சார்" என்று சொன்னால் புதிதாக வந்த தொல்லியல் மாணவன் பையிலிருந்து மைப்படித் தாளை எடுத்துவிடுவான். சிரிப்புக்குரிய இந்த மயக்கத்தில் ஓர் உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரிலும் வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு எண்கள் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 12/4 என்றிருந்தால் குறிப்பிட்ட கிலோமீட்டரில் நான்காவது கட்டுமானம் என்று பொருள். தூம்புக் கல்லில் பெயர் பொறித்ததுபோல, இதுவும் தண்ணீர் வழியின்மீது ஓர் ஆட்சி எழுதிவைத்த எழுத்துத்தான். அந்த எண்ணுக்குக் கீழே ஒரு பதிவேடு இருக்கும், பதிவேட்டில் ஒரு வரி இருக்கும். அந்த வரியில் என்ன எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த அளவையின்படி ஆறு மீட்டர் நீளம் வரை உள்ளது கல்வர்ட். அதற்கு மேல் அறுபது மீட்டர் வரை சிறிய பாலம், அதையும் தாண்டினால் பெரிய பாலம். பெரிய பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு, பெயர் சூட்டல் உண்டு, அதைப் பற்றிக் கவிதையும் உண்டு. கல்வர்ட்டின் கைப்பிடிச் சுவர் மட்டுமே நம் இலக்கியத்தில் இடம்பெற்றிருக்கிறது. நவீனத் தமிழ்ச் சிறுகதைகளில் வேலையற்ற இளைஞர்கள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து பீடி குடிக்கும் காட்சிகளைத் தொகுத்தால் தனி நூலே போடலாம். கட்டையின்மேல் இருப்பவனின் மனம் பக்கம் பக்கமாக வருகிறது. கட்டையின்கீழ் போகும் தண்ணீர் வர்ணனைக்கு மட்டுமே வருகிறது. புதுக்கோட்டையில் வாழ்ந்த கந்தர்வன் 'தண்ணீர்' என்ற கதையில் ஒரு குடம் நீருக்காக ஒரு பெண் எவ்வளவு தொலைவு போகவேண்டியிருக்கிறது என்பதைச் சொன்னார். தண்ணீர் இல்லாமையை எழுத நமக்கு ஒருவர் கிடைத்தார். தண்ணீர் இருக்கும்போது அதன் அடியில் நடப்பதை எழுத இன்னும் ஆள் வரவில்லை.

ஓர் ஆய்வை நேரில் பார்த்தேன். எந்தச் சாலை, எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். எல்லா இடத்திலும் அப்படித்தான் என்பதால் பெயரைச் சொல்வது அநியாயமாகிவிடும். ஐப்பசியில் இரண்டு மழை பெய்து கண்மாய் பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. ஜீப்பில் வந்தவர்கள் கைப்பிடிச் சுவரருகே நின்று எட்டிப் பார்த்தார்கள். கீழே வெங்காயத்தாமரை. இருகுழாய்ப் பாலத்தில் ஒரு குழாயின் நெற்றி மட்டும் நீருக்கு மேலே தெரிந்தது, மற்றொன்று முழுதும் மூழ்கியிருந்தது. பணியாளர் ஒருவர் ஒடித்த கருவேலங்கொம்பால் வாயிலைத் தொட்டார். கொம்பு பாதியில் நின்றது. மண்ணா, கல்லா, சிக்கிய சாக்கா என்று யாரும் கேட்கவில்லை. கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு, சாலையின் இருபுற மண்விளிம்பு, எண் எழுத்து ஆகியவை சரிபார்க்கப்பட்டன. பதிவேட்டில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அந்த அலுவலர் மரியாதையாகவே பதில் சொன்னார். நீர் தேங்கியிருப்பதால் அடிப்பகுதியைப் பார்க்க இயலவில்லை, பொதுநிலை திருப்திகரம். இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே வரியில் எப்படிச் சேர்ந்து நிற்க முடியும்? பார்க்கவே இல்லை என்று சொன்ன ஒன்றை எப்படித் திருப்திகரம் என்று சொல்லமுடியும்? நான் வகுப்பில் இலக்கணம் நடத்துகிறவன். மாணவன் இப்படி எழுதினால் சுழித்துவிடுவேன்.

பார்க்கப்படாத அந்த இடத்தில் நடப்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பொறுத்தருள வேண்டும். அகன்று வரும் நீர் குறுகிய வாயிலுக்குள் நுழையும்போது வேகம் கூடுகிறது. வெளியே வரும் இடத்தில் அந்த வேகம் தரையைத் தோண்டும். இதற்காகவே வெளிவாயிலின் முன்னே கல்லாலோ கான்கிரீட்டாலோ ஒரு தளம் போட்டு, தளத்தின் நுனியில் மண்ணுக்குள் ஆழமாக ஒரு குறுக்குச் சுவரை இறக்குவார்கள். நுனிக்கு அப்பால் பள்ளம் விழுந்து, அது ஆண்டுக்காண்டு ஆழமாகிக் குறுக்குச் சுவரின் அடியை எட்டிவிட்டால், தளத்தின் கீழுள்ள மண் கரைந்து வெளியேறத் தொடங்கும். மேலே தளம் இருந்தபடியே இருக்கும். அதன்கீழ் வெற்றிடம் உட்புறமாக வளர்ந்து பக்கச்சுவரின் அடித்தளத்தை நோக்கிப் போகும். மேலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது.

குழாய்ப் பாலங்களின் நோய் வேறு. எல்லாரும் ஹியூம் பைப் என்று சொல்கிறோமே, அந்த ஹியூம் ஓர் ஆஸ்திரேலியர். வால்டர் ஹியூம். அச்சைச் சுழற்றி அதன் வேகத்தாலேயே கான்கிரீட்டை இறுக்கிக் குழாயாக்கும் முறையை 1910இல் கண்டுபிடித்தவர். நம் ஊர்ப் பேச்சில் இவ்வளவு கலந்துவிட்ட வெளிநாட்டுக்காரர் வேறு யாராவது உண்டா என்று தெரியவில்லை. குழாய்கள் துண்டு துண்டாகவே வரும், இணைப்பில் கழுத்துப்பட்டை போட்டுப் பூசுவார்கள். அடியில் மண் சமமாக இறுகாமல் ஒரு துண்டு சற்றுத் தாழ்ந்தால் இணைப்பு வாய் திறக்கும். சாலையின் நிரப்பு மண் அந்த விரிசல் வழியே குழாய்க்குள் வடியும். ஒவ்வொரு மழைக்கும் சில கைப்பிடி. மேலே தார் இறுகிப்போய்த் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு நிற்கும், கீழே பொந்து பெரிதாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் எம்சாண்ட் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று அதன்மேல் வரும். மறுநாள் நாளிதழில் 'சாலையில் திடீர்ப் பள்ளம்' என்று செய்தி வரும். அந்தத் 'திடீர்' என்ற சொல்லை எந்த உதவி ஆசிரியர் போடுகிறாரோ, அவருக்குப் பத்தாண்டு மழைக்கணக்கைக் காட்டவேண்டும்.

கான்கிரீட் பெட்டிப் பாலத்தில் கம்பி துருப்பிடிப்பது இன்னொரு கதை. எப்போதும் மூழ்கியே இருக்கும் பகுதியில் உயிர்வளி குறைவு, துரு மெல்லவே வரும். எப்போதும் உலர்ந்திருக்கும் பகுதியிலும் அப்படித்தான். ஆண்டுதோறும் நனைந்து நனைந்து காயும் நடுப்பட்டைதான் முதலில் கெடுகிறது. துருவேறிய கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைத்துத் தள்ளும். மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் வழியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நனைந்து காயும் அந்தப் பட்டைதான் மழைக்காலத்தில் நீருக்குள் மறைந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆய்வுக்கு ஜீப் வரும் மாதங்களும் அவைதான்.

சிறு விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று சொல்லக்கூடும். பெரிய விஷயத்தையே எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்று பார்ப்போம். 1956 நவம்பர் 23 அதிகாலை அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தை வெள்ளம் அரித்திருந்த இடத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் பாய்ந்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்புதான் மெஹபூப்நகர் அருகே மற்றொரு பாலம் இதேபோல ஒரு ரயிலைக் கொண்டுபோயிருந்தது. அரியலூரைப் பற்றி நம் மாணவர்களிடம் கேளுங்கள். லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்று ஒரே குரலில் சொல்வார்கள். நேர்மைக்கு எடுத்துக்காட்டாக அது பாடநூலில் இருக்கிறது, பேச்சுப்போட்டியில் இருக்கிறது. பாலத்தின் அடியில் தண்ணீர் என்ன செய்தது என்பது எந்தப் பேச்சுப்போட்டியிலும் இல்லை. விபத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒரு நீதிபோதனை. அந்தப் போதனையால் ஒரு பாலத்தின் அடியும் உறுதிப்படவில்லை.

அமெரிக்காவில் 1987 ஏப்ரல் 5இல், நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின்மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலம் வெள்ளத்தில் விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள். தூணின் அடித்தளத்தைச் சுற்றி நீர் தோண்டிய பள்ளமே காரணம். அந்த அடித்தளம் அதுவரை நீருக்கடியில் ஆய்வு செய்யப்பட்டதில்லை. நீருக்குள் மூழ்கிய பகுதிகளை அறுபது மாதங்களுக்கு ஒருமுறையாவது ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற விதி 1988இல் வந்தது. அந்த ஆய்வில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலை, கண்ணால் பார்ப்பதும் கையால் தடவிப் பார்ப்பதும். இரண்டாவது, பாசியையும் படிவையும் சில இடங்களில் சுரண்டிவிட்டுப் பார்ப்பது. மூன்றாவது, கருவி வைத்து அளப்பதும் மாதிரி எடுப்பதும். இதைப் படித்தபோது முதல் நிலையில் நின்றுவிட்டேன். கையால் தடவிப் பார்ப்பது! நெல் அளந்து கூலி கொடுத்து, தீண்டாமல் ஒதுக்கிவைத்த மனிதன் நம் கண்மாய்களில் செய்துவந்ததை அங்கே பயிற்சிச் சான்றிதழும் உயிர்க்காப்புக் கருவியும் உரிய சம்பளமும் கொடுத்து ஒரு தொழில்நுட்பமாக வைத்திருக்கிறார்கள். (அங்கும் இருபது அடிக்கு மேற்பட்ட பாலங்களுக்குத்தான் இந்த விதி. இருபது அடி என்பது ஏறத்தாழ நம் ஆறு மீட்டர். சின்னவற்றைக் கைவிடுவதில் உலகம் ஒன்றுபட்டிருக்கிறது.)

இங்கே மராட்டியத்தில் 2016 ஆகஸ்ட் 2 இரவு, மஹாட் அருகே சாவித்ரி ஆற்றின் பழைய பாலம் இடிந்து இரண்டு பேருந்துகள் வெள்ளத்தோடு போயின. அந்த ஆண்டு மே மாதம் பாலத்தைப் பார்வையிட்டு ஆபத்தில்லை என்று சொல்லியிருந்தார்கள். அதன் பிறகு தேசிய நெடுஞ்சாலைகளின் பாலங்களை எண்ணிப் பட்டியலிடும் திட்டம் தொடங்கியது. எங்கள் ஊராட்சிச் சாலை தேசிய நெடுஞ்சாலையில் வராது. பக்கத்துத் திருச்சியில் 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில் ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. நல்லவேளையாகப் போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. சில நாட்களில், 22ஆம் தேதி, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அப்போது நம் இணைய இதழ்கள் எழுதியது என்ன? கரிகாலன் கட்டிய கல்லணை நிற்கிறது, வெள்ளைக்காரன் கட்டிய மேலணை உடைந்தது என்று. ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது 1830களில். கல்லணையும் காட்டன் காலத்திலிருந்து பலமுறை திருத்திக் கட்டப்பட்டது. உடைந்ததற்குக் காரணம் தேடவேண்டிய நேரத்தில் நாம் யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தோம்.

பணம் இல்லை, முக்குளிப்போர் இல்லை, கருவி இல்லை என்று பதில் வரும். புதுக்கோட்டைக்கு இந்தப் பதில் பொருந்தவே பொருந்தாது. அமெரிக்க ஆற்றில் தண்ணீர் வற்றாது, எனவே ஆளை இறக்குகிறார்கள். எங்கள் கண்மாய்கள் வானம் பார்த்தவை. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பி, பங்குனி சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பவை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ள மாவட்டத்தில் ஆண்டுக்கு மூன்று நான்கு மாதம் இயற்கையே தண்ணீரை இறைத்துவிட்டு, வந்து பார் என்று வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. குனிய மட்டும் ஆள் வேண்டும். நாமோ அந்த மாதங்களில் குமிழித்தூம்பைப் படம்பிடிக்கப் போகிறோம். ஆய்வுக்கு ஜீப் ஐப்பசியில் வருகிறது, ஏனென்றால் வெள்ள முன்னெச்சரிக்கைக் கூட்டம் அப்போதுதான் நடக்கிறது.

குனிந்து பார்த்தாலும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. வெள்ளம் பாயும்போது தோண்டிய பள்ளத்தை, வெள்ளம் வடியும்போது அதே நீர் வண்டலால் நிரப்பிவிட்டுப் போகும். சித்திரையில் போய்ப் பார்த்தால் தரை மட்டமாக, நல்லபிள்ளையாக இருக்கும். அடுத்த வெள்ளம் வந்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தளர்ந்த வண்டல் கரைந்து பழைய பள்ளம் மீண்டும் வாய் பிளக்கும். எனவே கண் போதாது, ஓர் இரும்புக் கம்பி வேண்டும். தளத்தின் நுனியை ஒட்டி நாலைந்து இடங்களில் ஊன்றி அழுத்தினால், இறுகிய மண் எங்கே, புதிதாகப் படிந்த வண்டல் எங்கே என்று கைக்குத் தெரிந்துவிடும். தளத்தைக் கம்பியால் தட்டினால் அடியில் வெற்றிடம் இருக்கும் இடம் வேறு ஒலி தரும். தேங்காயைத் தட்டிப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வல்லுநர் வேண்டியதில்லை. வற்றாத இடங்களில், கல்லணைக் கால்வாய் பாயும் அறந்தாங்கி, நாகுடிப் பக்கங்களில், கால்வாயில் நீர் அடைக்கும் காலத்தில் மணல்மூட்டை அடுக்கி, இன்ஜின் வைத்து இறைத்துவிட்டுப் பார்க்கலாம். இரண்டடிக் குழாய்க்குள் எந்த மனிதனையும் நுழையவிடக் கூடாது. அதைச் சொல்லாவிட்டால் நம் வழக்கப்படி யாரை நுழைய வைப்பார்கள் என்பது தெரிந்ததுதான். மூங்கிலின் நுனியில் ஒரு கைப்பேசியைக் கட்டி விளக்கைப் போட்டு உள்ளே விட்டால் போதும்.

நீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டமாகத்தான் இருக்கும். ஆழத்தைச் சொல்லாது. 2021 செப்டம்பரில் எங்கள் மாவட்டத்தின் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் நிரம்பியிருந்தது. இரவில் அவ்வழியே வந்த காரிலிருந்த பெண் மருத்துவர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்தார். உடன்வந்த மாமியார் மீட்கப்பட்டார். அது கல்வர்ட் அன்று, தெரிந்தேதான் சொல்கிறேன். கான்கிரீட்டால் ஆன ஒரு பெட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை அங்கே வருகிறவருக்குச் சொல்ல ஒரு கோடும் ஓர் ஆளும் இல்லாத நிலையில் ஓர் உயிர் போனது என்பதற்காகச் சொல்கிறேன். அந்த வாரம் ஊர் மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். எழுத்தாளர்கள் அஞ்சலிக் குறிப்பு எழுதினார்கள். நானும் சில படித்தேன். விதி, காலன், மழையின் கோரம். தண்ணீரின் ஆழம் எத்தனை அடி என்று ஒருவர்கூட எழுதவில்லை.

இலக்கியவாதிக்கு இதில் என்ன வேலை என்று ஒரு நண்பர் கேட்டார். பொறியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள் அல்லவா? பொறியாளர்கள் நல்லவர்கள், கையேடுகளும் மழைக்கு முன்னும் பின்னும் பார்க்கத்தான் சொல்கின்றன. ஆனால் ஒரு சமூகம் எதைப் பார்க்கவேண்டியது என்று கருதுகிறதோ அதைத்தான் அதன் பதிவேடும் கேட்கும். கைப்பிடிச் சுவரின் சுண்ணாம்பைக் கேட்கும் சமூகத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுக்கிறார்கள். மேல்தூணைப் படம்பிடித்துப் பெருமைப்படக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம். அந்தப் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன்.

பழம்பெருமைதான் வேண்டுமென்றால், அதிலும் பயன்படுவதாக ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொண்டைநாட்டு உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவைப் பற்றிச் சொல்கின்றன. குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அதே கல்வெட்டில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர்கள் என்று இருப்பதை மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கணக்கும் உண்டு, அந்தக் கணக்கை ஊர் பார்க்கும்படி கல்லிலே வெட்டிவைத்தார்கள் என்பதுதான் எனக்கு அதில் உறைக்கிறது.

அதனால் நான் கேட்பது சிறியது. கைப்பிடிச் சுவரில் 12/4 என்று எழுதுகிறீர்கள். அதன்கீழ் இன்னொரு வரி எழுதுங்கள். இந்தப் பாலத்தின் அடியைக் கடைசியாக ஒருவர் இறங்கிப் பார்த்த தேதி. பார்த்தவரின் பதவி. தளத்தின் நுனியில் கம்பி எத்தனை அடி இறங்கியது என்ற அளவு. அவ்வளவுதான். அரைக் கிண்ணம் கறுப்புப் பெயின்ட் செலவாகும். மதகுக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கு அது கண்ணில் படும். ஐந்து ஆண்டாகத் தேதி மாறவில்லை என்றால் அவன் ஊராட்சிக் கூட்டத்தில் கேட்பான். தேதியே இல்லையென்றாலும் கேட்கலாம், அந்த வெற்றிடமும் வாசிக்கத் தக்கதுதான்.

இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சித்திரையில் குமிழித்தூம்பு பார்க்கக் குழுவாகக் கிளம்புவீர்கள், நானும் வருவேன். கேமராவோடு ஆறடி இரும்புக் கம்பி ஒன்றும் ஒரு நாடாவும் எடுத்துக்கொள்வோம். தூம்பைப் பார்த்து முடித்ததும் கரையேறி, சாலையைக் கடக்கும் முன் கலிங்குப் பக்கத்துச் சிறுபாலத்தில் இறங்குவோம். வெளிவாயில் பக்கம் முதலில், அங்கேதான் பள்ளம் விழும். பாம்பு கிடக்கும், பார்த்து இறங்கவேண்டும். கம்பி இறங்கிய அளவையும் பாலத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். தூம்புக் கல்வெட்டின் பாடத்தோடு சேர்த்தே வெளியிடலாம்.